நிறைந்துபோன தட்டு

ஞாயிறு, தீபாவளிக்கு மறுநாள். ஔந்த், எங்கள் வீடு.

அப்பா இறந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. அதனால் அம்மா இந்தத் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டியே வைக்கவில்லை. என் மராத்தித் தோழிகளும் நானும் சேர்ந்து அடுக்கும் ஃபராள் என்ற தீபாவளிப் பலகாரத் தட்டில் எப்போதும் எங்கள் வீட்டு முறுக்குதான் நடுவில் இருக்கும். இன்று எல்லோரும் இங்கேயே வந்தார்கள். ஸ்வாதி அவர்கள் ஊர் முறுக்கான சக்லியை அடுக்கினாள். நான் பழக்கத்தில் நடுவில் கொஞ்சம் இடம் விட்டேன். கவிதா அதில் அவசரமாகச் சங்கர்பாளி இனிப்புத் துண்டுகளைக் கொட்டினாள்.

"ஆன்ட்டி, பாருங்க, ஜாகாவே இல்ல!"

"நிறைவா இருக்கும்மா" என்று அம்மா சிரித்தாள். பிறகு சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அங்கே கழுவ ஒன்றும் இல்லை.

குறை தெரியக் கூடாது என்று அன்பாகத்தான் செய்தார்கள். புரிகிறது. ஆனாலும் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கலாம்.