குதிரைக்குப் பெயர் இருந்தது

அப்பா,

அச்சகத்திலிருந்து உங்கள் புத்தகத்தின் மெய்ப்பு, பிழை திருத்துவதற்காக, இன்று காலை வந்தது. உறையைப் பிரித்ததும் மை வாசனை. நீங்கள் இருந்திருந்தால் முகத்தில் பொத்திக்கொண்டு முகர்ந்திருப்பீர்கள். நான் சன்னலைத் திறந்து வைத்தேன்.

பதினேழாம் நூற்றாண்டு சுவீடனில் படைத் தளபதியாக இருந்த பிரபு ஒருவரை நம் பூதப்பாண்டியில் யாருக்குத் தெரியும்? பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற உங்களுக்கு, நாகர்கோவில் பழைய புத்தகக் கடையில் கிடைத்த, அவரைப் பற்றிய ஓர் ஆங்கில நூல் போதுமாக இருந்தது. ஒன்பது வருஷம் அந்தத் தளபதி நம் வீட்டில்தான் குடியிருந்தார். பதினாறு வயதில் படையில் சேர்ந்தது, அரசரோடு கடல் தாண்டி ஜெர்மனிக்குப் போனது, தோளில் குண்டு வாங்கியும் குதிரையை விட்டு இறங்காதது எல்லாம் நீங்கள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். என் பள்ளிக்கூட வேலை முடிந்து வந்து, காப்பி குடிக்கும் முன்பே உட்கார வேண்டும்.

கடைசி அத்தியாயம் உங்களுக்கு உயிர். குளிரில் கடல் உறைந்துபோக, ஜெர்மனியில் இறந்த அவர் உடல் ஊர் திரும்ப வழியில்லாமல் காத்துக் கிடந்தது. வம்சத்தின் கடைசி ஆண் அவர் என்பதால், குடும்பச் சின்னம் தீட்டிய கேடயத்தைக் கல்லறையில் வைத்து உடைத்தார்கள். "வாரிசின்றி மறைந்தார்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தீர்கள்.

"மூணு பொண்ணு உண்டுன்னு முன்ன சொன்னியளே அப்பா?"

"பொம்பளப் பிள்ளையல்லா மக்களே. பின்ன எப்படி வாரிசாவும்?"

நான் உங்கள் ஒரே பிள்ளை. அந்த வரியையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகு, குளிப்பாட்டித் துடைத்துச் சோறு ஊட்டியவள் நான். "கொள்ளி நான் வைக்கேன்" என்றேன். "ஊரு சிரிக்கும். தம்பி மவன் வரட்டும்" என்றீர்கள். அவன் துபாயிலிருந்து வந்து சேரும்வரை ஒன்றரை நாள் ஐஸ் பெட்டியில் கிடந்தீர்கள், உங்கள் தளபதி மாதிரியே. சுடுகாட்டில் குடத்தை அவன் உடைத்தான். நான் வீட்டு வாசலோடு நின்றுவிட்டேன். இன்னும் மனசு ஆறவில்லை அப்பா. உங்களை மன்னிக்கவும் முடியவில்லை.

இன்று மெய்ப்பு பார்க்கும்போதுதான் கவனித்தேன். தளபதியின் குதிரைக்குப் பெயர் இருக்கிறது, நான்கு இடத்தில் வருகிறது. அவர் மகள்களின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ஆங்கில நூலை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கத்தில் வம்சப் பட்டியல், அதில் மூன்று பெயரும் இருக்கின்றன. உங்கள் பென்சில் கோடும் இருக்கிறது, தளபதியின் பெயருக்குக் கீழே மட்டும்.

"சான்று இல்லாம ஒரு வரியும் எழுதப்பிடாது" என்பீர்கள். உங்களிடமிருந்து என்னோடு ஒட்டிக்கொண்டது அது ஒன்றுதான். "வாரிசின்றி" என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்தேன். "கிறிஸ்டினா, எப்பா, மார்த்தா என்ற மூன்று மகள்களை விட்டு" என்று மேலே எழுதினேன்.

நன்றியுரையை, "தட்டச்சுக்கு உதவியோர்க்கும் நன்றி" என்று முடித்திருக்கிறீர்கள். அச்சகக்காரர் போனில், "உங்க பேரையும் போட்டிரலாமா டீச்சர்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த வரி நீங்கள் எழுதியபடியே அச்சாகட்டும். அதுவும் ஒரு சான்றுதானே அப்பா.