மூக்கில்லாத பெட்டி

இன்று குடவாசல் பக்கம் சோதனைக்குப் போன ஒரு நெல் கிடங்கின் கதவைத் திறந்ததும், பூண்டும் அழுகிய மீனும் கலந்த நாற்றம் முகத்தில் அடித்தது. பூச்சிக்கு வைக்கும் மாத்திரையிலிருந்து வரும் விஷவாயு. உள்ளே இருவர் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சுவரில் பச்சை விளக்கோடு ஒரு பெட்டி. அதன்மேல் உன் பெயர், பெயருக்கு முன்னால் ‘அமரர்’.

“முதல்ல வெளிய வாங்க!” என்று கத்தினேன்.

“பச்சைதானேங்க எரியுது?” என்றார் ஒருவர்.

தஞ்சாவூர் ஆய்வகத்தில் இந்த வாயுவைக் கண்டுபிடிக்கத்தான் நீயும் நானும் கிராஃபீன் சென்சார் செய்தோம். செப்புத் தகட்டில் வளர்த்த கரிப் படலம், ஓர் அணுவின் தடிமன்தான். செப்பைக் கரைத்துவிட்டு, தண்ணீரில் மிதக்கும் அதைச் சிப்பில் ஏந்தி எடுப்பாய். “பேசாதடி, மூச்சுப் பட்டாலே மடிஞ்சிடும்” என்பாய். தங்க முனைகளுக்கு நடுவே அது ஒழுங்காகப் படிந்துவிட்டால் டிரான்சிஸ்டர் தயார். வாயு கொஞ்சம் பட்டாலும் அதில் ஓடும் மின்சாரம் மாறும். நாம் அதற்கு வைத்த பெயர் மூக்கு.

அந்த மூக்குக்குத்தான் ஆயுத பூஜையன்று துறைத்தலைவர் சந்தனம் தடவிக் குங்குமமும் வைத்தார். ஒரு சிப்பைக்கூட விடவில்லை! “சாமிக்குச் செய்யறதுல என்னம்மா குத்தம்?” என்று சிரிப்பு வேறு. படலம் அத்தனையும் பாழ். அதையாவது அறியாமை என்று விட்டிருப்பேன். மறுவாரம் விருந்தினர்கள் வந்தபோது, எப்போதும் பச்சையாகவே எரியும் விளக்கொன்றைப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினாரே, அதை நினைத்தால் இன்றும் காறித் துப்பத் தோன்றுகிறது. நீ எழுந்து, “அதுக்குள்ள மூக்கே இல்லைங்க. சார் பொய் சொல்றாரு” என்றாய். ஏதோ வேடிக்கை என்று அவர்கள் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அன்றே வேலையை விட்டாய். அடுத்த ஆண்டு ஒரு காய்ச்சலில் போய்விட்டாய்.

இருவரையும் வெளியே வரச் செய்துவிட்டு, மூச்சைப் பிடித்தபடி சுவரிலிருந்த பெட்டியைக் கழற்றி வந்து பிரித்துப் பார்த்தேன். ஒரு பேட்டரி, ஒரு விளக்கு, வேறொன்றும் இல்லை. துறைத்தலைவருக்கே போன் போட்டுக் கேட்டேன். “அவங்க ஞாபகமா வச்சதும்மா. பேரு நிலைக்கட்டுமே” என்கிறார். செத்தவள் எழுந்து வந்து மறுக்கமாட்டாள் என்ற தைரியம். சீ!

“இன்னும் எத்தனை கிடங்குல மாட்டியிருக்கீங்க?” என்றேன். போனை வைத்துவிட்டார்.

வெளியே வந்த இருவரும் களத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, உன் பெயர்த் தகட்டை நெம்பி எடுத்தேன்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அன்று உனக்கு வந்த அந்த அருவருப்புதான். அது கொஞ்சமும் குறையவில்லை. நாளை மற்றக் கிடங்குகளுக்கும் போகிறேன். உன் பெயரை நம்பி இனி ஒருவரும் உள்ளே போகக் கூடாது.