ரீபா வாங்கிய முட்டை

மஸ்கட்

அன்பான அத்தானுக்கு, சாலோமி எழுதுவது. கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி தேவலையா? போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நம் ரீபாவின் அறிவுத்திறன் சோதனை முடிவைப் பார்த்ததும் வார்டில் எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தேன். நீங்கள் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டு, ஞாயிறு ஆராதனையில் அந்த முடிவை வாசிக்கச் சொல்வதாக இருக்கிறீர்கள். வேண்டாம் அத்தான். அவளும் உட்கார்ந்து கேட்பாள்.

நேற்று போனில் என்னிடம் கேட்டாள்: "நான் நல்லா படிக்கணும்னுதான நீ அங்கன வேலைக்குப் போயிருக்க? எனக்குப் படிப்பு வரலன்னா வந்துருவல்லாம்மா?"

நான் சிரித்துப் பேச்சை மாற்றிவிட்டேன். பிள்ளை மந்தம் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களே, அவள் தெரிந்தேதான் தப்பாக எழுதுகிறாள். கெட்டிக்காரி என்று சபையில் வாசித்தால், இனி நான் வரமாட்டேன் என்று உடைந்துபோவாள். முடிவை அவள் டீச்சரிடம் மட்டும் தனியாகக் காட்டி, இதையும் சொல்லுங்கள். அவளைத் திட்ட வேண்டாம்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. என்னோடு வேலை செய்யும் ஸ்ரீவைகுண்டம் கிறிஸ்டி லீவு முடிந்து வருகிறாள், அவளிடம் கொஞ்சம் கருப்பட்டி கொடுத்துவிடுங்கள்.

டியூட்டிக்கு வண்டி வந்துவிட்டது. கருப்பட்டியோடு, ரீபா தப்பாக எழுதிய கணக்குத் தாள் ஒன்றையும் வைத்து அனுப்புங்கள். எனக்காக அவள் வாங்கிய முட்டை அது.

சாலோமி