மடிப்பில் ஒட்டியிருந்த வாஷர்

செவ்வாய் இரவு. திருப்பதி, லேடீஸ் ஹாஸ்டல் அறை.

தூக்கம் வரவில்லை. இன்று லேபில் ஒரு பழைய பைக் இன்ஜினைக் கழற்றிப் பூட்டினோம். ஸ்பேனர் முழு நேரமும் என் லேப் கூட்டாளி தினா கையில்தான். "உனுக்கு எதுக்கும்மே இந்த அழுக்கு வேலை? நீ எடுத்து வெய்யி" என்றான். கழற்றியதையெல்லாம் தெலுங்கு பேப்பர் மேல் வரிசையாக வைத்தேன். பூட்டியதும் சார் உதைத்துப் பார்த்தார். இன்ஜின் ஓடியது. அங்கேயே முழு மார்க் போட்டார்.

பேப்பரைச் சுருட்டும்போதுதான் பார்த்தேன். மடிப்பில் ஒரு வாஷர் எண்ணெயோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

தினாவிடம் காட்டினேன். "ஓடுதுல்ல? மார்க்கும் வந்துட்ச்சு. இன்னாத்துக்கு நோண்டிக்கினு கீற? கம்னு வுடு" என்றான். நானும் பேப்பரையும் வாஷரையும் எடுத்துக்கொண்டு கம்மென்று வந்துவிட்டேன். நாளைக் காலையில் அடுத்த பேட்ச் அதே இன்ஜினை ஓட்டப்போகிறது. உள்ளே எது எதன்மேல் உரசுமோ.

பேப்பரைக் கட்டிலில் விரித்திருக்கிறேன். நான் வைத்த வரிசையிலேயே எண்ணெய்க் கறைகள் இருக்கின்றன. கிளட்ச் தட்டு வைத்த கறைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வளையம். வாஷரை அதன்மேல் வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது.

அப்படியானால் கிளட்சைத் திறந்தே ஆகவேண்டும். சார் திட்டுவார். மார்க்கைக் குறைத்தாலும் குறைப்பார். தினா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசமாட்டான்.

பேசாவிட்டால் போகட்டும். எடுத்து வைக்கும் வேலையை நாளைக்கு அவன் பார்க்கட்டும். ஸ்பேனர் என்னிடம் இருக்கும்.