நீ சொல்லாமல் மாட்டிய கொக்கி

மாப்ள,

இன்று காலை மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கூடத்தின் கூரைமேல் இருந்தேன். தகடுகளின் விளிம்பில் ஏறியிருந்த துருவைச் சுரண்டி எடுத்துவிட்டு, மூட்டுகளை அடைப்பதற்காக சிலிக்கான் பசைக் குழாயின் மூக்கை வெட்டினேன். புளித்த நெடி குப்பென்று ஏறியது. உனக்கு அந்த நெடி பிடிக்கும். "பிரியாணிக் கடை வெங்காயம் மாரி கீது மச்சான்" என்பாய். கீழே உளிகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. வேலை முடிந்து வந்ததும் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீ இருந்தபோது உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒன்றாகத்தான் இந்த வேலைக்கு வந்தோம். மறைமலைநகர்ப் பக்கம் கம்பெனிக் கொட்டகைகளுக்குத் தகடு போட்டோம். ரப்பர் செருப்பு, தலையில் துண்டு, அவ்வளவுதான் நம் பாதுகாப்பு. பிறகு நீ என் தங்கையைக் கட்டிக்கொண்டாய், கூட்டாளி மாப்பிள்ளையானாய். நான் வேகமாக வேலை செய்பவன், சத்தமாகப் பேசுபவன். கூரைமேல் என் குரல்தான் கேட்கும். அதை எல்லோரும் மதிக்கிறார்கள் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

கடற்கரைச் சாலையில் அந்த விடுதி வேலை வந்தது. சாப்பாட்டுக் கூடத்தின் கூரையை உப்புக்காற்று தின்றிருந்தது. பயிற்சி எடுத்தவர்களைத்தான் மேலே ஏற்றுவோம் என்று விடுதிக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதனால் காண்ட்ராக்டர் நம் இருவரையும் செங்கல்பட்டுக்கு அனுப்பினார். அங்கே ஒரு கொட்டகைக்குள், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, பழகுவதற்கென்று ஒரு பொய்க் கூரை கட்டியிருந்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் நம் வயதுள்ள ஒரு பெண். தோளிலும் தொடையிலும் பெல்ட்டை மாட்டி, முதுகு வளையத்திலிருந்து கயிறும் கொக்கியுமாக நம்மை நிறுத்தினார்.

"கன்னுக்குட்டிய கட்றா மாரி கட்டுறாங்க பாரு" என்றேன். "இத்தினி வருசமா கூர மேல கீறோம். இப்போ நமக்கு நடக்கக் கத்துக்குடுக்கறாங்களா?"

நீ சிரிக்கவில்லை. பெல்ட்டின் வார் முறுக்கிக்கொண்டிருந்ததைச் சரிசெய்துகொண்டிருந்தாய்.

அவர் ஒரு மணல் மூட்டையைத் தூக்கி, வெளிச்சத்துக்காகப் போடும் பழைய ஃபைபர் தகட்டின்மேல் போட்டார். பெரிய சத்தம்கூட இல்லாமல் அது உள்ளே போய்விட்டது. பயிற்சிக்கு வந்திருந்த மற்றவர்கள் எல்லோரும் அடங்கிப் போனார்கள். நான் மட்டும், "மூட்டைக்குக் கண்ணு இல்ல மேடம், எனக்கு கீது" என்றேன். கொட்டகையே சிரித்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

நீதான் எழுந்து கேட்டாய். "மேல பெயிண்ட் அட்ச்சிருந்தா, எது இரும்பு எது ஃபைபருன்னு எப்டி மேடம் தெரியும்?"

"மேலேருந்து தெரியாது. மொதல்ல உள்ள நின்னு கீழேருந்து பாத்துக் குறிச்சிக்கணும். ஏறினா திருகு வரிசை மேலயே கால் வெக்கணும், அங்கதான் அடியில சட்டம் இருக்கும். கூரை நெடுக இழுத்துக் கட்டின கம்பியில கொக்கி எப்பவும் மாட்டியிருக்கணும்."

கொக்கியில் தொங்குகிறவனை இறக்குவது எப்படி என்று மாலையில் அவர் காட்டியபோது நான் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

விடுதியில் முதல் நாளே கூரையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கம்பி இழுத்துக் கட்டினோம். நீ உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாய். "மேல வேலய பாரு" என்று கத்தினேன். நீ போகவில்லை. பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தேனே தவிர, கொக்கியை முதுகுக்குப் பின்னால் வால் மாதிரி தொங்கவிட்டுத்தான் நடந்தேன். ஓரிடத்தில் குத்துக்காலிட்டுத் திருகு கழற்றிக்கொண்டிருந்தபோது நீ பின்னால் வந்து டிரில்லை நீட்டினாய். வாங்கிக்கொண்டேன். வேலை முடிந்து எழுந்து ஓர் அடி பின்னால், பெயிண்ட் அடித்திருந்த ஒரு தகட்டின்மேல் வைத்தேன்.

காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

தோள்களைப் பிடித்து யாரோ உலுக்கியதுபோல் ஒரு வெட்டு வெட்டியது. கண் திறந்தபோது சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தேன். கீழே துணி போர்த்திய மேசைகள். சமையற்கட்டிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் படம் எடுத்தான். அப்போதுதான் என் கால்சட்டை நனைந்திருப்பது எனக்கே தெரிந்தது.

நீ எப்போது இறங்கினாய், எப்படி வந்தாய் என்று தெரியாது. சக்கரம் வைத்த சாரத்தை என் காலடிக்குத் தள்ளிக்கொண்டு வரச்சொன்னது உன் குரல். அதற்குமுன் ஒரு வளையக் கயிற்றை என்னிடம் வீசினாய். "பெல்ட்டுல மாட்டி, காலை இதுல வெச்சி எந்திரி மச்சான். சும்மா தொங்கிக்கினு இருக்காத, ரத்தம் கட்டிக்கும்." நான் டீக்கடையில் நின்ற மாலையில் நீ கற்றது அது. சாரத்தில் என்னைச் சாய்த்து இறக்கியதும், யாரும் நெருங்கி வருவதற்குள், பக்கத்திலிருந்த தண்ணீர் கேனை எடுத்து என் தலையிலிருந்து கால்வரை கவிழ்த்தாய். "மயக்கமா கீறாரு, தள்ளுங்க, காத்து வுடுங்க" என்று சத்தம் போட்டாய். சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. எதற்காக ஊற்றினாய் என்று எனக்கும் உனக்கும் மட்டும் தெரியும். நீ அதை என் தங்கையிடம்கூடச் சொல்லவில்லை.

அதன்பின் நான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. படம் ஊர் முழுக்கச் சுற்றியது. டீக்கடையில் எனக்கு 'தொங்கலு' என்று பேர் வைத்தார்கள். தோள் வலி என்று சொல்லிப் படுத்துக்கிடந்தேன். ஒரு சாயங்காலம் நீ வண்டியைக் கொண்டுவந்து, ஏறு என்றாய். சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்தோம்.

என்னை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "நான் கொக்கி மாட்டல. யாரு மாட்னா?"

"நாந்தான். டிரில்லு குட்க்க வந்தேன்ல, அப்போ."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

நீ படகுகளையே பார்த்துக்கொண்டிருந்தாய். "சொன்னா திட்டுவ. எல்லார் முன்னாடியும் கயட்டிப் போட்டாலும் போட்ருவ. அதான் சொல்லாம மாட்டிட்டேன்."

"எங்கிட்ட பயமா உனக்கு?"

"பயந்தான் மச்சான். இன்னா பண்றது."

கோபமே இல்லாமல் சொன்னாய். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப்போல.

ஊர் சிரித்தது கொஞ்ச நாளில் மறந்துபோனது. போனில் வேறு படங்கள் வந்துவிட்டன. ஆனால் இது மறக்கவில்லை. கூடவே வளர்ந்தவன், என் தங்கையின் புருஷன், என் உயிரைக் காப்பாற்றுவதற்கே எனக்குத் தெரியாமல் பின்னால் வந்து கைவைக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட மனிதனாக நான் இருந்திருக்கிறேன்.

நான் மறுபடியும் செங்கல்பட்டுக்குப் போனேன். சொல்லிக்கொடுத்த அந்த அம்மாவுக்கு என்னை ஞாபகம் இருந்தது. "மூட்டைக்குக் கண்ணு இல்லன்னீங்களே" என்றார். "எனக்கும் இல்ல மேடம்" என்றேன். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. முன் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கற்றேன். பழைய சிமெண்ட் தகட்டை உடைக்காமல், தூசி கிளம்பாமல் நனைத்துக் கழற்றுவது, கடற்காற்று அடிக்கும்போது நீளத் தகட்டைத் தனியாளாகத் தூக்காமல் இருப்பது, தொங்குகிறவனை இறக்குவது. திரும்பி வந்தபின் ஏறுவதற்குமுன் உன் முன்னால் முதுகைக் காட்டி நின்று, "பாத்து சொல்லு மாப்ள" என்பேன். நீ வாரை இழுத்துப் பார்த்து, "சரியா கீது" என்பாய். நான் மாறிவிட்டேன் என்று நம்பினேன்.

கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பக்கச்சுவர்த் தகடு மாற்றிக்கொண்டிருந்தோம். ஒருநாள் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோதே நீ விழுந்தாய். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. காரியமெல்லாம் முடிந்து, வந்த சனம் போனபிறகு தங்கை சொன்னாள். சில நாளாகவே உனக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. டாக்டரிடம் போகலாம் என்று அவள் அழுதிருக்கிறாள். வேலை முடியட்டும் என்றிருக்கிறாய். அண்ணனிடமாவது சொல்கிறேன் என்றபோது, "வேணாம், கத்துவான்" என்றாயாம்.

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். கூரைமேல் கற்றதை இறங்கும்போது பெல்ட்டோடு கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன். உன் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்தேன் மாப்ள. வெயில் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயோ, மாட்டாயோ. நான் கேட்கவில்லை.

போன வாரம் தங்கை என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"ண்ணா, நா ஒண்ணு சொல்லணும். முடிக்கிற வரைக்கும் கத்தாத."

பொத்தேரியில் ஒரு ஹாஸ்டல் சமையற்கட்டில் வேலை கிடைத்திருக்கிறதாம். உன் மகளையும் கூட்டிக்கொண்டு அங்கேயே ஒரு வீடு பார்த்துப் போகப்போகிறாளாம். என்னைக் கேட்காமல் முடிவு செய்திருக்கிறாள். எனக்கு உள்ளே அந்தப் பழைய சத்தம் கிளம்பியது. தொண்டைவரை வந்துவிட்டது. இத்தனைக்குப் பிறகும் அது வருகிறது, அதுதான் எனக்கு வெட்கம். பல்லைக் கடித்துக்கொண்டு, "சொல்லும்மா" என்றேன்.

அவள் சொன்னாள். வாடகை, மகளின் காலேஜ், நீ இல்லாத அந்த வீட்டில் இருக்க முடியாமல் போனது, ஊர்ப் பேச்சு எல்லாவற்றையும் சொன்னாள். இடையிடையே என் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். முடித்துவிட்டு, போவதற்குத் தயாராக நின்றாள்.

"எங்கிட்ட சொல்லாதது வேற எதுனா இருக்காம்மா?" என்று கேட்டேன்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்தாள்.