முத்தலிப் மாமா நேராக்கின தகடு

சாய்ந்தமருது
21.08.2025

றுமானா ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். ஜெர்மனியில நீ சோறு தின்னுறாயா எண்டு உம்மா கேக்கிறா.

வேலை முடிஞ்சுது. மூணு அலுமினியத் தகட்டையும் வீட்டு மூலை மாதிரிப் பூட்டி, முத்தலிப் மாமாட வெள்ளாமை வெட்டின வயலுக்குள்ள வச்சாச்சி. வாய் கிழக்கால, நீ சொன்ன பாகைக்கே. நாளைக்கு விடிய உன்ட செய்மதி போகக்குள்ள, ரேடார் இதுல பட்டுத் திரும்பி, படத்தில வெள்ளைப் புள்ளியா விழும். அத வச்சு ரேடார் சரியா அளக்குதா எண்டு பார்ப்பீங்க. கெம்பஸ விட்டவனுக்கும் இவ்வளவு விளங்கும்.

றிபாஸ்

04.09.2025

அன்புத் தம்பி,

வஅலைக்கும் ஸலாம். ரெண்டு நேரம் தின்னுறன் எண்டு உம்மாக்குச் சொல்லு.

முதல் தரம் புள்ளி நட்சத்திரம் மாதிரி இருந்திச்சு. நேத்து மங்கிட்டு. பிழை ரேடார்லயா, தகட்டுலயா? உன்ட புள்ளிய விட்டுருவம் எண்டார் எங்கட வேலையிடத்துப் பெரியவர். அடுத்த தரம் வரைக்கும் பொறுக்கச் சொல்லிரிக்கன். கோவிக்காத, வச்சிட்டு அந்தப் பக்கம் போனாயா? கெம்பஸ் மாதிரி, கராஜ் மாதிரி, இதையும் பாதியில விட்டுட்டாயா?

ராத்தா

06.09.2025

ராத்தா,

கோவம்தான். ஆனா ஓம், போகல்ல.

உன்ட ஈமெயில் கண்டு ஓடினன். தகடு பதினொரு பாகை தெற்கால திரும்பிக் கிடக்கு. அதுக்கு முன்னுக்கு நிண்டு முத்தலிப் மாமா அசர் தொழுறார்! மாடு கண்டு குறுக்கால போகாம நல்ல தடுப்பாம். தொழுது முடிச்சதும் ஏச்சு.

"ஏன்டா, தொழுற கிப்லாப் பக்கம் எது எண்டும் தெரியாதா உனக்கு? கோணலா வச்சிட்டுப் போயிட்டாய். நான்தான் நேராக்கினன்."

"மாமா, இது மேல போற செய்மதிக்கு வச்சது."

"தொழுகையும் மேலதான்டா போகுது."

வயிறு நோகச் சிரிச்சன். பழைய தோணிப் பலகையில அவருக்கு வேற தடுப்பு அடிச்சு, கிப்லாவுக்குச் சரியா, எட்டத்தில நட்டுட்டன். தகடு பழைய பாகைக்கு வந்திட்டு. இனி ஒவ்வொரு நாளும் போவன். பலகை படத்தில தெரியாதுதானே?

றிபாஸ்

10.10.2025

என்ட தம்பி,

பலகை தெரியவே இல்ல. மூணு தரமும் புள்ளி ஒரே அளவு, மயிரிழை கூடல்ல, குறையல்ல. அல்ஹம்துலில்லாஹ். மாமாக்கு ஸலாம் சொல்லு. கதையக் கேட்டுப் பெரியவர் மேசையில அடிச்சுச் சிரிச்சார். ஒலுவிலயும் கோமாரிலயும் இன்னும் நாலு வைக்க ஆள் இரிக்கா எண்டு கேட்டார். ஒரு இடத்தில நிக்காத ஆள் ஒருத்தன் இரிக்கான், கேட்டுச் சொல்றன் எண்டன்.

ராத்தா

11.10.2025

ராத்தா,

நிக்கிறது தகட்டுட வேலை, ஓடித் திரியிறது என்ட வேலை. ஓம் எண்டு சொல்லு.

நாலுக்கும் பன்ரெண்டு தகடு வெட்டியாச்சி. நாலு பலகையும்.

றிபாஸ்