பேச்சை வாங்காத தட்டு

நீ இறந்த பிறகு உன் பீரோவை ஒழித்தபோது கிடைத்ததென்று உன் மகள் நேற்று ஒரு தட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். பொன்னிற சிடி. பார்த்ததும் அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. உன் வீட்டுக்காரர்மேல் கொஞ்சம், மிச்சமெல்லாம் என்மேல்.

எண்பதுகளின் கடைசி. திண்டிவனத்தில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். நான் பள்ளியில் அறிவியல் டீச்சர். நீ கோட்டக்குப்பத்திலிருந்து வாழ வந்தவள். துபாயிலிருந்து உன் கணவர் கேசட்டில் பேசி அனுப்புவார். நீ அதிலேயே பதிலைப் பதிந்து, அங்கே போகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்புவாய். எழுதப் படிக்க உனக்கு வராது.

அந்த முறை விடுப்பில் வந்தவர் சிடி பிளேயர் கொண்டுவந்தார். "இனிமே கேசட்டு எதுக்கு? இது தேயாது, சிக்காது" என்று சொல்லி, டேப்ரெக்கார்டரைக் கண்டமங்கலத்தில் இருந்த தம்பிக்குக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார்.

மறுவாரமே பிளேயரைத் தூக்கிக்கொண்டு வந்தாய். "டீச்சரு, இதுல எங்க பேசறது?"

நான் தாளில் படம் வரைய ஆரம்பித்தேன். "இதுல ஊசியே கெடையாது. அடியிலேர்ந்து லேசர் வெளிச்சம் படிக்குது. தட்டுல கண்ணுக்குத் தெரியாத பள்ளம் வரிசையா சுத்திக்கினு போகுது. பள்ளத்துல வெளிச்சம் ஒரு மாதிரி திரும்பும், சமமான எடத்துல வேற மாதிரி. மிஷினு அதை நம்பராக்கி, நம்பரைச் சத்தமாக்கும்."

"அந்தப் பள்ளத்தை நாம போட முடியாதா?"

"முடியாது. ஃபேக்டரியிலயே அச்சடிச்சுடறாங்க."

"அப்ப இதுவே பேசிக்கினு இருக்கும், நான் பேசறதை வாங்காது. பேஜாரு புடிச்ச மிஷினு!"

அடுத்து துபாயிலிருந்து இந்தப் பொன்னிறத் தட்டு வந்தது. கூடவே ஒரு சீட்டு. நான்தான் படித்துச் சொன்னேன். 'இதில் படமும் இருக்கிறது, பார்.' பாட்டுதான் வந்தது. தட்டை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தாய். பிறகு இருவரும் விழுப்புரத்தில் ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம்.

"உள்வட்டத்துல பாட்டு, வெளிவட்டத்துல படம்மா. படத்துக்கு வேற பிளேயர் வேணும், டிவியில மாட்டறது. இந்தத் தட்டுல பல தினுசு இருக்குது. வெள்ளிக் கலர் ஒண்ணு, உள்ளங்கை அகலத்துக்குச் சின்னது ஒண்ணு, தங்கக் கலர்ல இது ஒண்ணு. இதுக்கெல்லாம் இங்க யாரு கிட்ட மிஷினு இருக்குது?"

திரும்பும் பஸ்ஸில் விக்கிரவாண்டி தாண்டியதும், "லெட்டரு நான் எழுதித் தரட்டா?" என்று கேட்டேன்.

"நீ எழுதுனா அது கடுதாசி. மச்சான் என் கொரலைக் கேக்கணும்."

இப்படியே மூன்று மாதம் போயிற்று. ஒருநாள் பிளேயரை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிக் கண்டமங்கலம் போய், கொழுந்தனார் முன்னால் வைத்திருக்கிறாய். "இதை நீயே வெச்சுக்கோ. என் டேப்பை ஜல்தி எடு."

சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு பதிந்தாய். சுவருக்கு இந்தப் பக்கம் சொற்கள் கேட்கவில்லை. நீ அழுதது கேட்டது.

பதில் கேசட் வந்த அன்று தண்ணீர்க் குழாயடியில் சொன்னாய்: "வந்துடுங்கன்னு சொல்லியிருந்தேன் டீச்சரு. என் கேசட்டு போய்ச் சேரும்போது, இன்னும் ரெண்டு வருச வேலைக்குக் கையெழுத்து போட்டு பத்து நாளு ஆச்சாம். முன்னாடியே சொல்லக் கூடாதான்னு கேக்கறாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. பள்ளியில் ஆங்கிலப் பாடத்துக்கென்று ஒரு டேப்ரெக்கார்டர் இருந்தது. ஆய்வகப் பீரோவில், என் பொறுப்பில். சாவி என் கைப்பையில். ஒரு சாயங்காலம் கொண்டுவந்திருந்தால் போதும். தலைமையாசிரியை கேள்வி கேட்பாரே என்ற பயத்தில், அந்த மூன்று மாதமும் உனக்கு லேசர் வெளிச்சத்தை விளக்கிக்கொண்டிருந்தேன்.

குழாயடியில் குடத்தைத் தூக்கும்போது என் தோளைத் தொட்டு, "பாவம் நீ, எனக்காக எவ்ளோ அலைஞ்ச" என்றாய். அப்போதும் நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இருபது வருடம் ஒரே சுவரோடு வாழ்ந்தோம். ஒருநாளும் சொல்லவில்லை.